ஆள் கணக்கா, மணிக் கணக்கா? கிராம உழைப்பை அளக்கும் கணக்கெடுப்புகள்

2017-18இல் இந்தியக் கிராமங்களில் 15 வயது நிரம்பிய பெண்களில் 24.6 விழுக்காட்டினர் உழைப்பாளர் தொகுதியில் இருந்தார்கள். வேலை செய்பவர், வேலை தேடுபவர் இருவரையும் சேர்த்த கணக்கு இது. 2023-24இல் அந்த எண் 47.6. இரண்டையும் தந்தது மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புதான், பி.எல்.எஃப்.எஸ். என்று செய்திகளில் அடிபடுவது. ஆறே ஆண்டில் ஏறக்குறைய இரு மடங்கு. பெண்கள் எழுந்துவிட்டார்கள் என்று கொண்டாடியவர்கள் உண்டு. வீட்டு வருமானம் போதாமல் வயலுக்குத் தள்ளப்பட்டார்கள் என்று வருந்தியவர்களும் உண்டு. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. 2004-05இல் இதே விகிதம் 49.4, 2011-12இல் 35.8. பதின்மூன்று ஆண்டுகளில் பாதியாகச் சரிந்து, அடுத்த ஆறு ஆண்டுகளில் பழைய இடத்துக்கே ஏறக்குறைய திரும்பியிருக்கிறது. இந்த இருபது ஆண்டுக் காலத்தில் களையெடுத்தவர்களில் பாதிப்பேர் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்களா?

மாற்றம் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. பெண்பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் கூடுதல் ஆண்டுகள் இருக்கிறார்கள். அறுவடை இயந்திரம் வந்த ஊரில் கதிர் அறுப்புக் கூலி போய்விட்டது. 2020இல் கொரோனா முடக்கத்தால் நகரத்திலிருந்து ஆண்கள் திரும்பி வந்ததும் பல குடும்பங்கள் கைநிலத்தை மறுபடி கவனிக்கத் தொடங்கின. இவையெல்லாம் உண்மை. ஏறிய எண்ணுக்குள் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொரு உண்மையும் தெரிகிறது: கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் சுயதொழிலில் இருப்பவர் பங்கு 57.7 விழுக்காட்டிலிருந்து 73.5 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. சொந்த வயல், சொந்த மாடு, வீட்டுக் கடை. அவர்களில் பெரும்பகுதியினர் குடும்பத் தொழிலில் சம்பளமின்றிக் கைகொடுப்பவர்கள். வேலை செய்பவரா, வீட்டைப் பார்த்துக்கொள்பவரா என்பதற்கான கோடு இந்தப் பகுதியில்தான் மங்கலாக இருக்கிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் ஒருத்தியை எழுதுவது என்பதைத் தீர்மானிப்பவர் கள அலுவலர். அவர் கையிலிருக்கும் வினாத்தாள். அன்று திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னவர். கிராம உழைப்பைப் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்திலும் ஒரு பங்கு வாழ்க்கையிலிருந்து வருகிறது, ஒரு பங்கு வினாத்தாளிலிருந்து வருகிறது. இரண்டாவது பங்கு எவ்வளவு என்பதை உலகெங்கும் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் குடியரசின் தொடக்கத்திலேயே கிடைத்தது. 1950-51இல் நடந்த முதல் வேளாண் தொழிலாளர் விசாரணை, கிராமக் குடும்பங்களில் 30.4 விழுக்காடு விவசாயக் கூலிக் குடும்பங்கள் என்றது. 1956-57இல் நடந்த இரண்டாவது விசாரணையில் அது 24.5. ஐந்தாண்டுத் திட்டத்தின் வெற்றி என்று யாராவது மார்தட்டியிருந்தால் தவறாகப் போயிருக்கும். முதல் விசாரணை உழைத்த நாள்களில் பாதியாவது விவசாயக் கூலியா என்று பார்த்தது. இரண்டாவது, வருமானத்தில் பெரும்பகுதி கூலியிலிருந்து வருகிறதா என்று பார்த்தது. அளவுகோலே வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. 1961இல் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலே தொழிலாளர் என்று எழுதினார்கள். 1971இல் ‘முதன்மையாக என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டார்கள். பெண் தொழிலாளர் விகிதம் 28 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காட்டளவுக்கு விழுந்தது. முதன்மையாக என்ன செய்கிறாய் என்று கேட்டால் நாற்று நட்டுவிட்டு வந்து உலை வைக்கிற பெண் என்ன சொல்வாள்? வீட்டு வேலை என்றுதான் சொல்வாள்.

மாதிரிக் கணக்கெடுப்புகளை நடத்துவதற்காகப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் முயற்சியில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950இல் தொடங்கியது. மேலைநாடுகளில் ‘வேலையில் இருப்பவர், வேலையற்றவர், இரண்டும் இல்லாதவர்’ என்று மூன்று பெட்டிகள் போதும். அங்கே பெரும்பாலோருக்கு ஒரு முதலாளி, ஒரு சம்பளம், ஒரு நேரக்கணக்கு இருந்தது. அதே பெட்டிகளை இங்கே கொண்டுவந்ததில் குழப்பம். வேலையின்மை மதிப்பீடுகளை ஆராய அமைத்த தண்ட்வாலா குழு 1970இல் தந்த அறிக்கையில், இந்தியா போன்ற பொருளாதாரத்துக்கு ஒற்றை எண் பயன்படாது என்று வெளிப்படையாகவே சொன்னது. அதன் பயனாக 1972-73இல் நடந்த 27ஆவது சுற்றிலிருந்து ஒரே ஆளை மூன்று அளவுகோல்களால் அளக்கும் முறை வந்தது.

சொந்த நிலம் இல்லாத ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஐம்பது அறுபது நாள் கூலிக்குப் போகிறாள். கடந்த 365 நாள்களில் அதிக நேரம் எதில் போயிற்று என்று பார்த்தால் அவள் இல்லத்தரசி. துணைத் தொழிலாக முப்பது நாளாவது செய்ததையும் சேர்த்தால் தொழிலாளி. கடந்த ஏழு நாள்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தாயா என்று கேட்டால், அது கள அலுவலர் வந்த வாரத்தைப் பொறுத்தது. நாள் கணக்கில் பார்த்தால் அரை நாள், முழு நாள் என்று அவள் வாரம் துண்டுதுண்டாகிறது. முதல் அளவுகோலை மட்டும் இரண்டு விதமாகப் பார்ப்பதால் பதில்கள் நான்கு; நான்கும் சரி. நாளிதழ் தலைப்புக்குப் போவது அவற்றில் ஒன்றுதான். எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்தியக் கணக்கெடுப்பை நான் குறை சொல்லியே எழுதுவதாகத் தோன்றலாம். உண்மையில் வளரும் நாடுகளில் இவ்வளவு நுணுக்கமான வரையறைகளை இவ்வளவு காலம் கைவிடாமல் காத்துவந்தவை மிகச் சில. ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரித்து மாதிரிக் கிராமங்களை அவற்றில் பரப்புவதால் எந்தப் பருவமும் விட்டுப்போவதில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆண்டின் ஏதோ சில மாதங்களில் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மழைக்கு முன்பு போனால் ஊரே சும்மா இருக்கும். நடவு நேரத்தில் போனால் ஊரில் பதில் சொல்லவே ஆள் இருக்காது.

கிராமத்தில் ஏறக்குறைய அர்த்தமிழந்துபோன எண் ஒன்று உண்டு: வேலையின்மை விகிதம். 2017-18 அறிக்கை நாடு முழுக்க 6.1 விழுக்காடு வேலையின்மை என்றபோது பெரிய அரசியல் புயலே அடித்தது. அறிக்கை வெளிவரத் தாமதமானதை ஒட்டி தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். புள்ளிவிவரத்தை மறைக்கக் கூடாது என்ற அவர்களது நிலைப்பாடு சரியானது. ஆனால் கிராமங்களுக்கு மட்டும் பார்த்தால் அப்போது 5.3, 2023-24இல் 2.5. இதை வைத்துக் கிராமத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை என்று யாராவது முடிவுகட்டினால் அவர் கிராமத்தைப் பார்த்ததில்லை என்று பொருள். வேலை இல்லாமல் காத்திருக்கக் கையில் காசு வேண்டும். அது இல்லாதவர் அரை நாளாவது எதையாவது செய்கிறார். அந்த அரை நாள் அவரை வேலையில் இருப்பவராக்கிவிடுகிறது. அங்கே பஞ்சம் வேலைக்கு அல்ல, கட்டுப்படியாகும் வேலைக்கு. ஆட்களை எண்ணினால் இது தெரியாது. மணிகளையும் கூலியையும் எண்ணினால்தான் தெரியும்.

எது வேலை?

தேசியக் கணக்கெடுப்பின் குறியீட்டுப் பட்டியலில் 92, 93 என்று இரண்டு எண்கள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டு உபயோகத்துக்குத் தைப்பது, பின்னுவது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. இரண்டுமே உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே. நெல்லை வயலில் விளைவித்தால், அது வீட்டுச் சாப்பாட்டுக்கே ஆனாலும், பொருளாதார நடவடிக்கை. அதே நெல்லை வீட்டில் அவித்து உலர்த்திக் குத்தினால் கணக்கில் வராது. வரையறைக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. எங்காவது கோடு கிழித்தாக வேண்டும். சிக்கல் என்னவென்றால் கிழித்த கோடு பெண்ணின் நாளுக்கு நடுவில் ஓடுகிறது, ஆணின் நாளை அநேகமாகத் தொடுவதே இல்லை.

பொருளியலாளர் தேவகி ஜெயினும் உடன் பணியாற்றியவர்களும் 1970களில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்தபோது, கணக்கெடுப்பு ‘வேலை செய்யாதவர்’ என்று தள்ளிய பெண்களிடம் ஏராளமான உற்பத்தி வேலை இருப்பது தெரிந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988இல் வெளியிட்ட, உத்தரப் பிரதேசத்தில் நடத்திய ஒரு முறையியல் சோதனை இன்னும் நேரடியானது. ‘முதன்மைச் செயல் என்ன’, ‘வேலை செய்கிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்பது ஒரு வழி. மாடு பார்த்தீர்களா, களத்தில் தூற்றினீர்களா, விதை சேமித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது மற்றொரு வழி. கேட்ட விதத்தைப் பொறுத்தே பெண்களின் பங்கேற்பு விகிதம் பெரிதும் மாறியது. எகிப்திலும் பின்னர் இதே விளைவுதான். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1991இல் ‘சொந்த வயலிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்த வேலை உட்பட’ என்று கேள்வியிலேயே சேர்த்தது, பெண்கள் இயக்கங்கள் விடாமல் கேட்டதால்தான்.

இதை முறையான பரிசோதனையாகவே நடத்தியது தான்சானியாவில் 2007-08இல் ஏழு மாவட்டங்களில் நடந்த ஆய்வு. எலெனா பர்தாசி, கேத்லீன் பீகிள், ஆண்ட்ரூ டில்லன், பீட்டர் செர்னீல்ஸ் நால்வரும் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்குச் சுருக்கமான வினாத்தாள், சிலருக்கு விரிவானது. சில வீடுகளில் அவரவரே பதில் சொன்னார்கள், சிலவற்றில் வேறொருவர் சொன்னார். சுருக்க வினாத்தாள் பெண்களின் வேலை விகிதத்தைக் கணிசமாகக் குறைத்துக் காட்டியது. கூடவே, வேலை செய்பவர்களின் சராசரி வார உழைப்பு நேரத்தைக் கூட்டியும் காட்டியது. கொஞ்ச நேரம் வேலை செய்கிறவர்கள் விட்டுப்போனால் மிஞ்சுவது நாள் முழுக்க உழைப்பவர்கள்தானே. எதிர்பாராத முடிவு மற்றொன்று. பெண்ணுக்காக வேறொருவர் பதில் சொன்னதால் பெண்கள் கணக்கு மாறவில்லை. ஆணுக்காக வேறொருவர் சொன்னபோது ஆண்களின் விகிதம் குறைந்தது. அவர்களது வயல் வேலைதான் பெரும்பாலும் விட்டுப்போயிருந்தது.

இந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. வட இந்தியக் கிராமத்தில் மாமனார் முன் மருமகள் பதில் சொல்வதும் தான்சானியாவில் கணவருக்காக மனைவி பதில் சொல்வதும் ஒன்றல்ல. ‘வீட்டுலதான் இருக்கா, சும்மாத்தான்’ என்று குடும்பத்து ஆண் சொல்லி முடித்த பிறகு கள அலுவலர் மேற்கொண்டு தோண்டுவாரா என்பது அவரது பயிற்சியையும் அன்று மீதமிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெண்கள் கணக்கில் யார் சொல்கிறார் என்பதைவிட என்ன கேட்கப்படுகிறது என்பதே பெரிது என்று தான்சானியா சொல்கிறது. இங்கே இரண்டுமே பெரிது என்பது என் எண்ணம்.

நினைவில் இருப்பதும் நடந்ததும்

கேள்வி சரியாக இருந்து, பதில் சொல்பவரும் நேர்மையாகச் சொன்னாலும் ஞாபகம் என்று ஒன்று இருக்கிறது. உலக வங்கி 1980இல் தொடங்கிய வாழ்க்கைத்தர அளவீட்டுக் கணக்கெடுப்புகள் 1985இல் ஐவரி கோஸ்ட், பெரு நாடுகளில் களத்துக்குப் போயின. பின்னாளில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வேளாண்மையை விரிவாகச் சேர்த்துக்கொண்டன. வயல் உழைப்பை அவை கேட்கும் விதம் இது: பருவம் முடிந்த பிறகு போய், இந்தத் துண்டு நிலத்தில் இந்த ஆள் எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மணி உழைத்தார்? மூன்றையும் பெருக்கினால் விடை. ஆய்வாளருக்கு வசதியான கேள்வி. ஆனால் எந்த விவசாயியும் தன் உழைப்பை மணியில் எழுதிவைப்பதில்லை. அவர் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதில்லை, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். கணக்குப் போடும்போது நினைவுக்கு வருவது வழக்கமான ஒரு முழு நாள். மழை வந்து பாதியில் திரும்பிய நாள், மாட்டுக்கு நோய் கண்டு வயலுக்கே போகாத வாரம், துக்க வீட்டுக்குப் போன இரண்டு நாள் இவையெல்லாம் அந்த வழக்கமான நாளுக்குள் கரைந்துவிடுகின்றன.

இது எவ்வளவு பெரிய பிழை என்று தான்சானியாவின் மாரா பகுதியில் 2014இன் நீண்ட மழைப் பருவத்தில் சோதித்தார்கள். சில குடும்பங்களை வாராவாரம் நேரில் போய்க் கேட்டார்கள். சிலவற்றை வாராவாரம் தொலைபேசியில் கேட்டார்கள். சிலவற்றைப் பருவம் முடிந்த பிறகு வழக்கம்போல் ஒரே தடவை கேட்டார்கள். ஓர் ஆள் ஒரு துண்டு நிலத்தில் உழைத்த நேரம் என்று பார்த்தால், கடைசியில் ஒரே தடவை கேட்டவர்களிடம் வாராந்தரக் கணக்கைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வரை கூடுதலாக வந்தது. நான்கு மடங்கு என்பது சின்னத் தவறல்ல. அதற்கு மேல் வேடிக்கை: குடும்பம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி பெரிதும் மறைந்துவிட்டது. காரணம், பருவ முடிவில் கேட்டபோது சிறு துண்டு நிலங்களும், எப்போதாவது வந்து கைகொடுத்த ஆட்களும் பட்டியலிலிருந்தே விட்டுப்போயிருந்தார்கள். ஒரு பிழை மிகையாக்கியது, இன்னொரு பிழை குறைத்தது, கூட்டுத்தொகை ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது. ஒரு பிழை இன்னொரு பிழையைத் தின்று தீர்க்கும் கணக்கை நம்பி வேளாண் கொள்கை வகுக்க முடியாது. விட்டுப்போன அந்த ஆட்கள் யார்? எப்போதாவது கைகொடுப்பவர்கள். வீட்டில் சிறுவர்கள், முதியவர்கள், வேறு வேலையோடு வயலுக்கும் போகிறவர்கள்.

கானாவில் பின்னர் இதே சோதனையை நடத்தினார்கள். அங்கே மிகை 10 விழுக்காடுதான். அதுவும் ஞாபகம் மணிகளை ஊதிப் பெருக்கியதால் அல்ல. குறைந்த வேலை நடந்த துண்டுகளும் குறைவாக உழைத்த ஆட்களும் பட்டியலில் விட்டுப்போனதால் மிஞ்சியவற்றின் சராசரி ஏறியது. நான்கு மடங்கும் 10 விழுக்காடும் எங்கே! எல்லா நாட்டுக்கும் ஒரே திருத்தக் குணகம் வைத்துப் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்ற ஆசைக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்துப் படிப்பதே மருந்து.

இந்த அளவீட்டுப் பிழைகள் கருத்தரங்க அறைக்கு வெளியே என்ன செய்கின்றன? வளரும் நாடுகளில் வயலில் உழைப்பவரின் உற்பத்தித்திறன் மற்றத் துறைகளைவிட மிகத் தாழ்ந்தது என்பது பொருளாதார நூல்களில் நிலைபெற்ற கருத்து. அதிலிருந்து, ஆட்களை வயலிலிருந்து வெளியே கொண்டுவந்தால் நாடு பணக்கார நாடாகிவிடும் என்ற முடிவு எளிதாக வருகிறது. ஆனால் ஆளுக்கு எவ்வளவு என்று பார்க்காமல் மணிக்கு எவ்வளவு என்று பார்த்தால் இடைவெளி பெரிதும் சுருங்குகிறது. எத்தியோப்பியா, மலாவி, தான்சானியா, உகாண்டா நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளை வைத்து எல்லன் மெக்கல்லோ இதைக் காட்டினார். விவசாயி சோம்பேறியும் அல்ல, திறமையற்றவரும் அல்ல. ஆண்டின் பல மாதங்களில் அவருக்கு வயலில் வேலையே இல்லை. மலாவி கிராமங்களில் விதைப்பு உச்சத்தில் உழைப்பு நகரத்துக்கு ஈடாக இருக்கிறது, மற்ற மாதங்களில் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே தேவைப்படுவது வயலிலிருந்து வெளியேற்றம்தானா, அல்லது இரண்டாம் போகத்துக்குத் தண்ணீரும் உள்ளூரில் பருவமற்ற கால வேலையுமா என்ற கேள்வி எழுகிறது. ஆட்களை மட்டும் எண்ணினால் இந்தக் கேள்வி எழவே எழாது.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. ஆப்பிரிக்க வேளாண் உழைப்பில் 60 முதல் 80 விழுக்காடு பெண்களுடையது என்று பன்னாட்டு அறிக்கைகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தன. மறைக்கப்பட்ட பெண் உழைப்புக்கு நியாயம் செய்யும் நல்லெண்ணத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய எண் அது. ஆறு நாடுகளின் துண்டுவாரிக் கணக்கைப் பார்த்தபோது பயிர்த் தொழிலில் பெண்களின் சராசரிப் பங்கு 40 விழுக்காடு என்று வந்தது. மலாவி, தான்சானியா, உகாண்டாவில் பாதிக்குச் சற்று மேல், நைஜீரியாவில் 37, எத்தியோப்பியாவில் 29, நைஜரில் 24. பெண் உழைப்பைக் குறைத்துச் சொல்வதும் பிழை, கூட்டிச் சொல்வதும் பிழைதான். இந்த 40ம் பருவ முடிவில் கேட்ட நினைவுக் கணக்கிலிருந்தே வந்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஜெனீவாவின் புதுக் கோடு

2013 அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய 19ஆவது பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு பழைய வரையறையை மாற்றியது. பொருளோ சேவையோ உண்டாக்கும் எதுவும் இனி வேலைதான்: சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாமே. அந்த அளவில் பெண்ணியப் பொருளியலாளர்கள் நெடுங்காலம் கேட்டது கிடைத்தது. ஆனால் ‘வேலைவாய்ப்பு’ என்ற பெட்டியின் வாய் குறுகியது. கூலிக்கோ இலாபத்துக்கோ செய்வது மட்டுமே அதில் சேரும். முக்கியமாகத் தன் வீட்டுச் சாப்பாட்டுக்காகவே பயிரிடும் விவசாயி இனி வேலைவாய்ப்பில் இருப்பவர் அல்லர். ருவாண்டா இந்த வரையறையை ஏற்றுத் தன் தொழிலாளர் கணக்கெடுப்பை மாற்றியமைத்தது; பழைய முறையில் தொழிலாளர் என்று எண்ணப்பட்ட விவசாயக் குடும்பத்தினர் பெருந்தொகையாக அந்தப் பெட்டிக்கு வெளியே போனார்கள். பெண்கள் அதில் அதிகம்.

எண்பது மூட்டை விளைந்தால் விற்பதற்கு, முப்பது விளைந்தால் சாப்பாட்டுக்கு என்று வாழும் குடும்பம் விதைக்கும்போதே ‘இது முதன்மையாக விற்பனைக்கா, வீட்டுக்கா’ என்ற கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லும்? மழை தவறிய ஆண்டில் அந்த விவசாயி வேலைவாய்ப்பிலிருந்து மறைவார், நல்ல ஆண்டில் தோன்றுவார், உழுத நிலமும் சிந்திய வேர்வையும் ஒன்றாகவே இருந்தாலும். புது வரையறையில் வேலையின் பரப்பு விரிந்தது பெரிய ஆதாயம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நிதியமைச்சர்களும் நாளிதழ்களும் பார்ப்பது வேலைவாய்ப்பு விகிதத்தை மட்டுமே. விரிந்த பகுதி பின்னிணைப்பு அட்டவணைக்குப் போய்விடும். இந்தியா பழைய கோட்டிலேயே நிற்பது சோம்பலால் என்றாலும் சரி, எச்சரிக்கையால் என்றாலும் சரி, இப்போதைக்கு அது தவறில்லை.

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் சண்டையைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. வேலை செய்கிறீர்களா என்று கேட்பதே இல்லை; நேற்று காலை நான்கு மணியிலிருந்து இன்று காலை நான்கு வரை அரை மணி அரை மணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. எது வேலை என்பதை ஆய்வாளர் பிறகு பிரித்துக்கொள்ளலாம். இந்தியாவில் 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சோதனையாக நடந்தது. 2019இலும் 2024இலும் நாடு தழுவி நடந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் செலவிடும் நேரம் 2019இல் 299 நிமிடம், 2024இல் 289. ஆண்கள் 97, பிறகு 88. கர்நாடகக் கிராமங்களில் மதுரா சுவாமிநாதனும் பிறரும் சில பெண்களை இரு பருவங்களில் தொடர்ந்து கவனித்தபோது, வேலை மிகுந்த பருவத்தில் அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வந்தார்கள். இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஒரே நாளைத்தான் பிடிக்கிறது. இடுப்பில் பிள்ளையோடு மாட்டுக்குத் தீவனம் வைக்கும் அரை மணியில் எது முதன்மை என்று யாரோ முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது போதவும் போதாது.

குடும்பக் கணக்கெடுப்பு எவ்வளவு திருந்தினாலும் குடும்பமாக ஊரில் இல்லாதவரைப் பிடிக்காது. ஆறு மாதம் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் இருப்பவர் சொந்த ஊரில் பூட்டிய வீடு. சூளைப் பக்கத்துக் கொட்டகை மாதிரிப் பட்டியலில் வருவதே அரிது. 2007-08இல் நடந்த 64ஆவது சுற்று, ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை வேலைக்காக வெளியூர் போனவரைக் குறுகிய காலப் புலம்பெயர்ந்தோர் என்று வரையறுத்து, கிராம மக்களில் 1.7 விழுக்காடு என்றது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகிறவர்களைப் பார்த்த எவரும் அதை நம்பச் சிரமப்படுவார்.

பெரிய மாதிரிக் கணக்கெடுப்புக்குப் பிடிபடாதது ஊராய்வுக்குப் பிடிபடும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு ஆராயத் தொடங்கிய இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகிய ஊர்களுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் மறுபடி மறுபடி போயிருக்கிறார்கள். 1975இல் ஐதராபாத்தின் இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனம் ஆரப்பள்ளி, ஷிராப்பூர், கன்ஸாரா முதலிய ஊர்களில் ஆய்வாளர்களைக் குடியமர்த்தி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே குடும்பங்களைக் கேட்கச் செய்தது. உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூர் 1957-58 முதல் ஒவ்வொரு பத்தாண்டிலும் பதிவாகிவருகிறது. ஊரிலேயே தங்கியிருக்கும் ஒருவரிடம் ‘சும்மாத்தான் இருக்கா’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஓர் ஊர் நாடாகாது என்பதும் உண்மை. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கத்தான் வேண்டும். இங்கே இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் படிப்பது குறைவு.

தனியார் தரவும் வந்துவிட்டது. சி.எம்.ஐ.ஈ. நிறுவனத்தின் குடும்பக் கணக்கெடுப்பில் பெண்களின் பங்கேற்பு 10 விழுக்காட்டை ஒட்டி நின்ற ஆண்டுகளில் அரசுக் கணக்கு அதைப்போலப் பல மடங்கு காட்டியது. முன்னது அன்றைய நிலையைக் கேட்கிறது. பின்னது ஆண்டு முழுவதையும் கேட்கிறது. சி.எம்.ஐ.ஈ. மாதிரியில் ஏழைகள் குறைவு என்று பொருளியலாளர் ழான் திரேஸும் அன்மோல் சோமஞ்சியும் 2021இல் சுட்டிக்காட்டினார்கள். இருந்தும் தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டு எண்களையும் ஒரே பலகையில் எழுதி மோத விடுகிறார்கள்.

2025 ஜனவரியிலிருந்து பி.எல்.எஃப்.எஸ். மாறியிருக்கிறது. கிராமத்திலும் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதம் போகிறார்கள். மாதந்தோறும் அறிக்கை வருகிறது, ஒரு வார நினைவை வைத்து. இது பெரிய முன்னேற்றம். பருவத்தோடு உழைப்பு ஏறி இறங்குவதை இனி அதே வீட்டில் காணலாம். மாதிரி வடிவமைப்பே மாறியதால் பழைய தொடரோடு நேராக ஒப்பிட முடியாது என்பதையும் எழுதுவோர் நினைவில் வைத்தால் நல்லது.

இந்த மாற்றத்தோடு மூன்று காரியங்களைச் செய்யலாம், புதுச் சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. மாதிரியில் ஒரு சிறு பகுதிக்கு மாடு, களை, களம், விதை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் விரிவான பட்டியலைக் கொடுத்து, வழக்கமான கேள்வியின் விடையோடு ஒப்பிட்டு இரண்டையும் வெளியிட வேண்டும். பெண்ணின் வேலையைப் பற்றி அந்தப் பெண்ணே பதில் சொன்னாரா என்பதைத் தலைப்பு அட்டவணையிலேயே காட்ட வேண்டும். வாரத்தில் உழைத்த சராசரி மணிநேரம் ஆண்டறிக்கையின் பின்பக்க அட்டவணைகளில் ஏற்கெனவே இருக்கிறது; அதைப் பங்கேற்பு விகிதத்துக்குப் பக்கத்தில், செய்திக் குறிப்பின் முதல் பத்தியில் அச்சிட வேண்டும். இதை எழுதும் செய்தியாளர்களும் அந்த இரண்டு எண்களையும் சேர்த்தே போடட்டும்.